12 மணி நேர ஷிஃப்ட்: ரோஸ்டர் போடுகிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட சென்னை மணலியில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடம் ஷிஃப்டில் இருந்தேன். கடைசி ஏழு வருடம் ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற அட்டவணை, போடும் வேலை என் கையில் இருந்தது. இப்போது எண்ணூர், மாதவரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன யூனிட், குளிர்பதனக் கிடங்கு, ஆஸ்பத்திரி லேப், செக்யூரிட்டி டீம் என்று யார் கூப்பிட்டாலும் போய் உட்கார்ந்து ஷிஃப்ட் போட்டுக் கொடுக்கிறேன். எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

1. மூணு டீம் இருக்கு சார். ஆளுக்கு 12 மணி நேரம் போட்டா ராத்திரி பகல் ஓடிடும்ல?

மெஷின் ஓடும். ஆட்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஒரு டீமுக்கு 56. யாருமே லீவு எடுக்காத வாரத்தில்கூட 56 மணி நேரம் என்று அர்த்தம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவருக்கு 68 ஆகிவிடும். நாலு டீம் என்றால் சராசரி 42. அதனால் நாலுக்குக் கீழே நான் ரோஸ்டர் போடுவதே இல்லை.

நாலு டீம் இருந்தாலும் ஒரு நாற்காலிக்கு, அதாவது ராத்திரி பகல் ஆள் இருந்தே ஆக வேண்டிய ஒரு இடத்துக்கு, நாலு பேர் போதாது. ஒரு நாற்காலிக்கு வருடத்தில் 730 ஷிஃப்ட். லீவு, பயிற்சி, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்து ஒருவர் வருடத்தில் 30 ஷிஃப்ட் வரமாட்டார் என்று வையுங்கள். அவர் பங்கான 182-ல் மிஞ்சுவது 152. 730-ஐ 152-ஆல் வகுத்தால் 4.8. பத்து நாற்காலி உள்ள இடத்துக்கு 48 பேர் வேண்டும், 40 இல்லை. அந்த எட்டுப் பேரை எடுக்காவிட்டால் அவர்கள் வேலையை மற்ற 40 பேர் தங்கள் தூக்கத்தை விட்டுச் செய்கிறார்கள். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) ரிஜிஸ்டரைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

2. சரி, நாலு டீம். எப்படிச் சுத்த விடறது? சிம்பிளா ஒண்ணு சொல்லுங்க.

இரண்டு டே, இரண்டு நைட், நாலு ஆஃப். எட்டு நாளில் ஒரு சுற்று. நான் சார்ட் பேப்பரில் நாலு கலர் பென்சிலால்தான் முதலில் போடுவேன். சிவப்பு டீம் 1, 2-ஆம் தேதி டே, 3, 4 நைட், 5 முதல் 8 வரை ஆஃப். பச்சை டீம் 3-ஆம் தேதி டேயில் தொடங்கும், நீலம் 5-ல், மஞ்சள் 7-ல். போட்டு முடித்ததும் எந்தத் தேதியில் விரலை வைத்தாலும் ஒரு டே, ஒரு நைட், இரண்டு ஆஃப் இருக்க வேண்டும். இல்லை என்றால் எங்கேயோ ஒரு கட்டம் தவறியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

இதில் எந்த ஏழு நாளை எடுத்தாலும் நாலு ஷிஃப்டுக்கு மேல் வராது, அதாவது 48 மணி நேரம். இரண்டாவது டே முடிந்து சாயங்காலம் 7-க்குப் போகிறவர் மறுநாள் சாயங்காலம் 7-க்குத்தான் நைட் வருகிறார். நடுவில் முழுசாக 24 மணி நேரம். ஆஃப் நாலு நாள் என்று சொன்னாலும் முதல் நாள் தூங்கியே போய்விடும். வீட்டில் முன்கூட்டியே மூன்று நாள் என்று சொல்லி வைத்தால் சண்டை வராது.

3. எட்டு நாள் சுத்துல ஞாயித்துக்கிழமை மாட்டிக்குது. 2-2-3 போட்டா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிறு வீட்ல இருக்கலாமாமே?

உண்மைதான். எட்டு நாள் சுற்றில் நாலு ஞாயிறு தொடர்ந்து ஆஃப் வரும், அடுத்த நாலு ஞாயிறும் டூட்டி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது கஷ்டம். 2-2-3-ல் திங்கள், செவ்வாய் வேலை, புதன், வியாழன் ஆஃப், வெள்ளி, சனி, ஞாயிறு வேலை. அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். வாரம் விட்டு வாரம் வெள்ளி முதல் ஞாயிறு வரை வீட்டில் இருக்கலாம். ஆனால் ஒரு வாரம் 60 மணி நேரம், மறுவாரம் 24. சராசரி அதே 42 என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். அந்த 60 மணி வாரத்தின் ஞாயிறு சாயங்காலம் ஆட்கள் முகத்தைப் பார்த்தால் சராசரி என்ற பேச்சே வராது. சட்டச் சிக்கலும் இருக்கிறது, 7-ஆவது பதிலைப் பாருங்கள்.

டுபாண்ட் முறை என்று ஒன்று உண்டு. 28 நாள் சுற்று, அதில் சேர்ந்தாற்போல் ஏழு நாள் ஆஃப். அந்த ஏழு நாளுக்கு ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார்கள். அதற்கு விலையாக ஒரு வாரத்தில் மூன்று டே, ஒரு ஆஃப், மூன்று நைட் வருகிறது. 72 மணி நேரம். நான் அதைப் போட்டுக் கொடுப்பதில்லை.

4. முதல்ல டே, அப்புறம் நைட்டா? இல்ல நைட் முடிச்சுட்டு டேவா?

டே முதலில், நைட் பிறகு. உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தள்ளிப் படுப்பது சுலபம், முன்னதாகப் படுப்பது கஷ்டம். நைட் முடித்துக் காலை 7-க்கு வெளியே போகிறவரை மறுநாள் காலை 7-க்கு டே வரச் சொன்னால், காகிதத்தில் 24 மணி நேரம் ஓய்வு இருக்கும். ஆனால் அவர் பகலில் அரைத் தூக்கம் தூங்கி, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து வருவார்.

5. ஒரு மாசம் ஃபுல்லா நைட் போட்டா உடம்பு பழகிடாதா?

பழகாது. ஆஃப் நாளில் எல்லோரும் பகலில் விழித்து ராத்திரி தூங்குகிறார்கள், அங்கேயே பழகினது கலைந்துவிடும். காலையில் வீட்டுக்குப் போகும் வழியில் வெயில் கண்ணில் பட்டாலே உடம்பு பகல் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் 12 மணி நேர நைட் தொடர்ந்து இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் வேண்டாம்.

நைட் அலவன்ஸுக்காக நிரந்தர நைட் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் தேவை புரிகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-லும், மறுபடி 2019-லும் இரவு ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்கிற பிரிவில் வைத்தது. இதை அவர்களிடம் சொல்லாமல் நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை.

6. ஷிஃப்ட் மாத்துற நேரம் காலைல 6-ஆ, 7-ஆ, 8-ஆ?

ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 6 மணி என்றால் பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருகிறவர் நாலு மணிக்கே எழ வேண்டும். 8 மணி என்றால் நைட் முடித்தவர் வீட்டுக்குப் போய்ப் படுப்பதற்குள் வெயில் ஏறிவிடும். மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டினால் இன்னும் ஒரு மணி நேரம் போச்சு. நான் பெரும்பாலும் 7-தான் வைக்கிறேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு திருவொற்றியூர்ப் பக்கத்து ஆட்களுக்கு 7 மணி நன்றாகவே ஒத்துப்போகிறது.

எந்த நேரம் வைத்தாலும் வருகிறவரும் போகிறவரும் 15 நிமிடம் சேர்ந்து நிற்க வேண்டும், அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்த விஷயம் ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. லாக் புக்கில் 'எல்லாம் நார்மல்' என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. எது திறந்திருக்கிறது, எது கழற்றியிருக்கிறது, எது பாதியில் நிற்கிறது என்ற மூன்றையும் எழுதி, அந்த இடத்துக்கே கூட்டிப் போய்க் கையால் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

7. 12 மணி நேரம் போடறது சட்டப்படி சரியா?

நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு நாளையிலிருந்து தொடங்குகிற விஷயம் இல்லை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, இடைவேளையும் சேர்த்து நாளுக்கு மொத்தம் பத்தரை மணி நேரம் என்று இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நாளுக்கு 8 மணி நேரம். கூடுதல் நேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதமும் இரட்டிப்புக் கூலியும் வேண்டும். உங்கள் இடத்துக்கு விலக்கு உண்டா, எந்த நிபந்தனையில் உண்டு என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் எழுத்தில் வாங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரி, கடை, அலுவலகம் எல்லாம் வேறு சட்டத்தில் வரும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது சாதாரண விஷயமில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நம் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அவர்களுடைய குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. இடைவேளையில் பத்து நிமிடத்தைக் குறைக்க நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

8. வாரத்துக்கு 48 தாண்டலையே, அப்புறம் எதுக்கு ஓ.டி.?

ஓ.டி. வாரக் கணக்கில் மட்டும் வருவதில்லை, நாள் கணக்கிலும் வரும். 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இடைவேளை என்றால் வேலை 11 மணி நேரம். நாளுக்கு 9 என்ற பழைய கணக்குப்படி பார்த்தாலும் இரண்டு மணி நேரம் இரட்டிப்புக் கூலி. நாலு ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம். சராசரி 42-தானே என்று இதை அமுக்கிவிட முடியாது.

9. சனிக்கிழமை நைட் முடிச்சு ஞாயிறு காலைல வீட்டுக்கு வரேன். திங்க காலைல வரச் சொல்றாங்க. ஞாயிறுதான் உன் வீக் ஆஃப்ங்கறாங்க, சரியா?

1948 சட்டத்தில் இதற்கு நேரடியாகவே விதி இருந்தது. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்கு விடுமுறை என்றால், ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாள் கணக்கில் போகும். ஞாயிறு காலை 7-லிருந்து திங்கள் காலை 7 வரை 24 மணி நேரம் ஆகிவிட்டது, எனவே அந்த விதிப்படி தப்புச் சொல்ல முடியாது. ஆனால் 4-ஆவது பதிலில் சொன்ன அதே கோளாறு இது. நைட்டுக்குப் பிறகு டே வர வேண்டுமானால் நடுவில் இரண்டு ராத்திரி வீட்டில் தூங்கியிருக்க வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்காத விதி.

10. நைட்ல வேலை கம்மிதானே, ஆளைக் குறைச்சுக்கலாமா?

வேண்டாம். பகலில் ஏதாவது ஆனால் ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள், மேனேஜர், மெயின்டெனன்ஸ் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். ராத்திரி 2 மணிக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான். போபால் விஷவாயுக் கசிவு டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி நடந்தது, செர்னோபில் அணு உலை வெடித்தது அதிகாலை 1.23-க்கு. நம் எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 ராத்திரி அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். நைட்டில் தலைகள் எத்தனை என்பதோடு, அனுபவசாலி ஒருவராவது ஒவ்வொரு டீமிலும் இருக்கிறாரா என்றும் பாருங்கள். புது ஆட்களை எல்லாம் ஒரே டீமில் தள்ளுவது நான் அடிக்கடி பார்க்கிற தப்பு.

மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு அடங்குகிற நேரம். வால்வு மாற்றுவது, ரீடிங் சரிபார்ப்பது மாதிரிக் கவனம் கேட்கிற வேலையை ஒரு மணிக்கு முன்னால் வையுங்கள். முறை வைத்து 20 நிமிடம் தூங்க விடுங்கள், எழுந்த பிறகு பத்து நிமிடம் கழித்து வேலையைக் கொடுங்கள். தூங்கினால் மெமோ என்று இருக்கும் இடத்திலும் தூங்கத்தான் செய்கிறார்கள், கன்ட்ரோல் பேனல் முன்னால் கண்ணைத் திறந்தபடி.

11. ரிலீவர் வரலன்னா இன்னா பண்றதுண்ணே?

அடுத்த ஷிஃப்டுக்கு வந்து மாற்ற வேண்டியவர் வரவில்லை என்று, நைட் முடித்தவரை இன்னொரு 12 மணி நேரம் நிறுத்தாதீர்கள். நின்றே ஆக வேண்டும் என்றால் நாலு மணி நேரம் மட்டும் நிறுத்தி, அடுத்த நைட் வர வேண்டியவரை நாலு மணி நேரம் முன்னதாகக் கூப்பிடுங்கள். நடுவில் இருக்கும் நாலு மணி நேரத்துக்கு ஸ்பேர் ஆள். 1-ஆவது பதிலில் சொன்ன அந்த எட்டுப் பேர் இதற்குத்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும் மது குடித்தவரைப் போல மந்தமாகின்றன என்று 1997-லேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. நான் ரோஸ்டர் போட்ட காலத்தில் ஒருவர் டபுள் பார்த்துவிட்டுக் காலையில் பைக்கில் போனார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதினார். பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். உயிர் பிழைத்தார், இடது முழங்கால் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அந்த ஓ.டி. ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டது நான். 16 மணி நேரத்தைத் தாண்டினவரை கம்பெனி வண்டியில்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியை அதற்கு அடுத்த வாரம் எழுதி வாங்கினேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மாதிரி நாளில் யாருமே வர முடியாது. உள்ளே இருப்பவர்களை இரண்டாகப் பிரித்து ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் படுக்கை என்று ஓட்டலாம். அதற்குப் பாய், குடிதண்ணீர், அரிசி எல்லாம் அக்டோபரிலேயே உள்ளே இருக்க வேண்டும்.

12. பகல்ல தூக்கமே வரமாட்டேங்குது. ரோஸ்டர் போட்டு என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு யாரால் தூங்க முடியும்? வெளியே தண்ணி லாரி வந்து குடங்கள் உருளும் சத்தம். ஆடி மாதம் என்றால் கூழ் ஊற்றுகிற இடத்து ஒலிபெருக்கி காலையிலேயே ஆரம்பித்துவிடும். நான் சொல்வது: காலையில் வந்ததும் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு எட்டு மணிக்குள் படுங்கள். வெயில் ஏறுமுன் கிடைக்கிற நாலு ஐந்து மணி நேரம்தான் நல்ல தூக்கம். மீதியை சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரமாக எடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். டீயின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் நைட்டில் கடைசி டீ ராத்திரி இரண்டு மணிக்குள் இருக்கட்டும்.

13. பொம்பளைங்களுக்கு நைட் போடலாமா?

காலை 6-லிருந்து சாயங்காலம் 7 வரைதான் என்று பழைய சட்டத்தில் இருந்த தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. புதிய தொகுப்பிலும் சம்மதத்தோடு போடலாம். சம்மதம் என்றால் 'முடியாது' என்று சொல்கிற அக்காவுக்கு வேறு விதத்தில் தொல்லை வராமல் இருப்பது. டே ஷிஃப்டையும் மறக்காதீர்கள்: 7-க்கு முடிந்தால் மணலி பஸ் ஸ்டாப்பில் இருட்டில்தான் நிற்கிறார்கள். வண்டி இரண்டு ஷிஃப்டுக்கும் வேண்டும், கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்.

14. கெமிக்கல் அளவு எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. 12 மணி நேரம் போட்டா என்ன வித்தியாசம்?

இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை. காற்றில் இவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு 8 மணி நேரத்துக்குப் போட்டது. 12 மணி நேரத்தில் சுவாசிப்பது ஒன்றரை மடங்கு, அதை உடம்பு வெளியேற்றக் கிடைக்கிற நேரம் 16-லிருந்து 12 மணி நேரமாகக் குறைகிறது. பிரீஃப், ஸ்காலா என்ற இருவர் 1975-ல் கொடுத்த கணக்கு இது: 8-ஐ 12-ஆல் வகுங்கள், அதை 12-ஐ 16-ஆல் வகுத்த எண்ணோடு பெருக்குங்கள். பாதி வரும். 50 வரை இருக்கலாம் என்ற இடத்தில் 25. சத்தத்துக்கும் வரம்பைக் குறைக்க வேண்டும். பெயின்ட், கரைப்பான், ஃபவுண்டரி சம்பந்தப்பட்ட இடத்தில் அளந்து பார்க்காமல் 8-லிருந்து 12-க்கு மாறாதீர்கள். மூட்டை தூக்குகிற வேலை, பாய்லர் பக்கத்து வேலைக்கு மூன்று ஷிஃப்ட் 8 மணி நேரமே நல்லது.

15. ஒரு நாள் லீவு போட்டா ஒன்றரை நாள் கழிக்கிறாங்க. அநியாயம் இல்லையா?

லீவை மணி நேரத்தில் எழுதினால் இந்தச் சண்டையே வராது. 12 நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) என்பது 8 மணி நேரக் கணக்கில் 96 மணி நேரம், அதாவது எட்டு ஷிஃப்ட். எட்டு நாள் சுற்றில் நாலு நாள் ஆஃப் இருப்பதால் இது நியாயம்தான். அநியாயம் எது தெரியுமா? லீவு எடுத்தால் ஒன்றரை நாள் கழிப்பது, பண்டிகை விடுமுறையில் டூட்டி பார்த்தால் மட்டும் ஒரு நாள் காம்ப் ஆஃப் (பதில் விடுமுறை) தருவது. இரண்டுக்கும் ஒரே கணக்கு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

16. நாங்களே ஒருத்தருக்கொருத்தர் ஷிஃப்ட் மாத்திக்கிட்டா இன்சார்ஜுக்கு என்ன?

மாற்றிக்கொள்ளலாம். 2-ஆவது பதிலில் உள்ள 24 மணி இடைவெளியும் 9-ஆவது பதிலில் உள்ள இரண்டு ராத்திரியும் உடையக் கூடாது, அவ்வளவுதான். பண்டிகைக்கு இதுதான் நல்ல வழி. ராயபுரத்துக்காரர் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க, பொங்கலுக்கு அவர் வந்து நிற்பார். ரம்ஜானுக்கு மண்ணடி ஆளுக்காக ஒருவர் வருவார், தீபாவளிக்கு அவர் திருப்பிக் கொடுப்பார். இன்சார்ஜ் செய்ய வேண்டியது ஒரு நோட்டுப் போட்டு யார் எந்தப் பொங்கல், எந்தத் தீபாவளி வேலை பார்த்தார்கள் என்று எழுதி வைப்பது. கேட்க வாய் வராத ஆள் ஒருவர் எல்லா டீமிலும் இருப்பார். என் நோட்டில் ஒருவர் பெயர் தொடர்ந்து மூன்று பொங்கலுக்கு இருந்தது. நாலாவது வருடம் அவரிடம் எதுவும் கேட்காமல் நானே ஆஃப் எழுதினேன்.